ஒரு தொப்பிக்கு வாங்கிய வேதப்புத்தகம்

(தோட்டங்களிலிருந்து திருகோணமலைக்கு வந்திருந்த குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இராத்திரி பூராவும் பஸ்ஸிலே குந்திக்கொண்டு வந்து, காலையிலே கடலைப் பார்த்து, பிள்ளைகளைத் தண்ணியிலிருந்து இழுத்துக் கரையிலே விட்டு, இப்போதுதான் ஒரு தேத்தண்ணி குடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீண்ட பிரசங்கம் கேட்கிற நேரம் இது இல்லையென்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த இடத்துக்கு வந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லாமல் உங்களைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனசு வரவில்லை.

முதலில் ஒரு விஷயம். துறைமுகத்துக்குத் தெற்கே, அந்தப் பக்கம் தெரிகிற பெரிய குடாவுக்குக் கொட்டியாரக் குடா என்று பேர். அதன் கரையில் இருக்கிற ஊர் மூதூர். நம்முடைய மகாவலி கங்கை அங்கேதான் கடலில் விழுகிறது. நுவரெலியாவிலும் கொத்மலையிலும் அட்டன் பக்கத்திலும் நம்ம லயத்துக்குப் பின்னாலே ஓடுகிற சின்னச் சின்ன ஓடையெல்லாம் கூடிக்கூடி, 335 கிலோமீட்டர் ஓடி வந்து சேருகிற இடம் அது. ஆகவே நீங்கள் இங்கே அந்நியர் இல்லை. உங்களுக்கு முன்னாலேயே உங்கள் மலைத் தண்ணி இங்கே வந்துவிட்டது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து துரத்தப்பட்ட நம்முடைய ஆட்கள் எத்தனையோ குடும்பம் இந்த மாவட்டத்தில் வந்து குடியேறியதும் உங்களுக்குத் தெரியும். இங்கே சிலருக்குச் சொந்தக்காரரும் இருப்பார்கள்.

இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கடவுள் நம்மை விட்டுத் தூரமாகப் போய்விட்டார் என்று தோன்றுகிற காலத்தைப் பற்றியது. தோட்டந்தோட்டமாகப் போய்வருகிற எங்களுக்கு இது புதுப் பேச்சு இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு அக்கா சொன்னார்: "சாமி கும்பிட்டாலும் அதே கிலோதான், கும்பிடாட்டியும் அதே கிலோதான். கிலோ குறைஞ்சா அரைப்பேருதான் விழுது. அப்புறம் எதுக்கு ஞாயித்துக்கிழம காலையில எந்திரிக்கணும்?" இன்னொரு பெரியவர், மகனைப் பறிகொடுத்தவர், "ஜெபம் பண்ண வாய தொறந்தா காத்துதான் வருது ஐயா, சொல்லு வரமாட்டேங்குது" என்றார். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடினபோது, மண்ணுக்கு மேலே நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துக் கேட்டவர்கள் உண்டு. 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், இந்தத் திருகோணமலைக் கரையிலும், மூதூரிலும், கிண்ணியாவிலும் கடல் ஏறி வந்தபோது இங்கே உள்ளவர்களும் அதையேதான் கேட்டார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை.

இந்து சகோதரர்களும் இங்கே இருக்கிறீர்கள். நாங்கள் கிறிஸ்தவ வேதத்திலிருந்து பேசுகிறோம் என்பதற்காக எழுந்து போய்விட வேண்டாம். ஒன்றை நாங்களே சொல்லிவிடுகிறோம். இதோ நீங்கள் காலையில் பார்த்துவிட்டு வந்த சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை, 1620களில் சிலுவைக் கொடி பிடித்து வந்த போர்த்துக்கேயர்தான் இடித்தார்கள். அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்த அநியாயம் அது. இந்த ஊரில் நின்று கிறிஸ்துவைப் பற்றிப் பேசுகிறவன் அதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது.

இனிக் கதைக்கு வருவோம்.

1660ஆம் ஆண்டு. கோட்டை கட்டிப் போர்த்துக்கேயர் போய், ஒல்லாந்தர் கரையோரங்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். கண்டியில் இரண்டாம் இராஜசிங்கன் அரசாண்டான். ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் ஒன்று, இந்தியாவின் மசூலிப்பட்டணத்தில் புயலில் அகப்பட்டுப் பாய்மரம் முறிந்து, அதைச் சரிப்படுத்தவும் கொஞ்சம் துணி வியாபாரம் செய்யவும் இந்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரம் போட்டது. கப்பல் தலைவர் பெயர் ரொபர்ட் நொக்ஸ். கூட வந்த மகன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். மகனுக்கு 19 வயசு.

அரசனின் ஆட்கள் வந்து மரியாதையாகப் பேசினார்கள். கரைக்கு வரச் சொன்னார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்த தகப்பனையும், மற்றவர்களையும் பிடித்துக்கொண்டார்கள். மொத்தம் 16 பேர். அந்த மரத்தை மூதூர் ஆட்கள் வெள்ளைக்காரன் மரம் என்று சொல்வார்கள். 1893ஆம் ஆண்டில் அங்கே ஒரு கல்லும் நாட்டினார்கள்.

பிடித்தபின் மகனை மட்டும் கப்பலுக்குச் செய்தி சொல்ல அனுப்பினார்கள். நினைத்துப் பாருங்கள். கப்பலில் ஏறிவிட்டான். கடல் திறந்து கிடக்கிறது. நங்கூரத்தைத் தூக்கினால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அவன் திரும்பி வந்தான், தகப்பன் கரையில் இருந்தபடியால். எங்களுக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் மனசு கொஞ்சம் நிற்கும். நம்ம பிள்ளைகள் எத்தனை பேர், கொழும்புக் கடையில் வேலை கிடைத்தும், அம்மாவுக்குச் சுகமில்லை என்று மலைக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்!

பிடிபட்டவர்களை மலைநாட்டுப் பக்கம் கொண்டுபோய் ஊருக்கு ஊர் பிரித்து வைத்தார்கள். விலங்கு போடவில்லை. ஊர்க்காரர் முறைவைத்துச் சோறு கொடுக்க வேண்டும் என்பது அரச கட்டளை. நடக்கலாம், உட்காரலாம், தூங்கலாம். ஆனால் போக முடியாது. இதை உங்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1921ஆம் ஆண்டு வரைக்கும் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. நம்ம பாட்டன் பூட்டனுக்கும் விலங்கு இருக்கவில்லை, கடன் எழுதின துண்டுதான் இருந்தது.

தகப்பனையும் மகனையும் பண்டார கொஸ்வத்த என்ற ஊரில் வைத்தார்கள். இன்றைக்குக் குருநாகல் மாவட்டத்தில் வருகிறது. அங்கே காய்ச்சல் கண்டது. குளிர் நடுக்கத்தோடு முறைவைத்து வரும் காய்ச்சல். தகப்பன் படுத்த பாயிலேயே மெலிந்து, 1661ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி இறந்துபோனார். மகனும் அதே காய்ச்சலில் கிடந்தான். புதைக்க உதவி கேட்டு அயலாரிடம் ஆள் அனுப்பினான். அவர்கள் மாடு கட்டுகிற கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்களாம், கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போகச்சொல்லி. கடைசியில் காசு கொடுத்து ஓர் ஆளைப் பிடித்து, தகப்பனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தான். ஏறக்குறைய ஒரு வருடம் தன் நாட்டுக்காரர் ஒருவர் முகத்தையும் அவன் காணவில்லை.

இவையெல்லாம் நாங்கள் கட்டிச் சொல்வது இல்லை. நொக்ஸ் தப்பிப்போன பிறகு தானே எழுதி, 1681ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சான புத்தகத்தில் இருக்கிறது. இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த பழைய நூல்களில் பேர்பெற்றது அது. அந்தக் காலத்து மலைநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதும் சரித்திரக்காரர் எல்லோரும் அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

அந்தக் காய்ச்சல் மகனை 16 மாதம் பிடித்திருந்தது. அந்த நாட்களில் அவனிடம் இரண்டு பக்திப் புத்தகங்கள் இருந்தன. வேதாகமம் இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய் மரத்தடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை வாசிப்பானாம். வாசித்து வாசித்து இரண்டும் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனாலும் பாருங்கள், இவ்வளவு வாசித்தும், இவ்வளவு ஜெபித்தும், அவன் கேட்டது என்ன? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து கேட்டதைத்தான் தானும் அடிக்கடி கேட்டேன் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறான். உயிரை எடுத்துக்கொள்ளும், எனக்கு இது பாரமாக இருக்கிறது என்ற ஜெபம்.

இந்த இடத்தில் கொஞ்சம் தங்கிப் பேச விரும்புகிறோம். ஏனென்றால் நம்ம தோட்டங்களில் இந்த ஜெபம் நிறைய நடக்கிறது. வாய்விட்டுச் சொல்லாமல் நடக்கிறது. கடன்காரன் வாசலில் நிற்கிறபோது, வெளிநாட்டுக்குப் போன மகளிடமிருந்து மூன்று மாதம் தகவல் இல்லாதபோது, குடித்துவிட்டு வருகிற புருஷன் கதவைத் தட்டுகிறபோது, மனசுக்குள்ளே இந்தச் சொல் வந்துவிட்டுப் போகிறது. பிறகு, "ஐயோ, இப்படி நெனச்சிட்டமே, கடவுள் கோவிச்சுக்குவாரே" என்று இன்னொரு பயம் அதன்மேலே ஏறுகிறது.

அப்படி நினைக்கிறவர்கள் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா சாதாரண ஆள் இல்லை. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர். மறுநாளே ஓர் அரசிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு செடிக்குக் கீழே விழுந்து, போதும் ஆண்டவரே என்றார். கடவுள் அவரைக் கோபித்தாரா? உனக்கு விசுவாசம் குறைவு என்றாரா? இல்லை. தூங்கவிட்டார். பிறகு தூதன் வந்து தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையும் ஒரு குடம் தண்ணியும் கொடுத்தான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி இன்னொரு தரம் சாப்பாடு. பேச்சு பிறகுதான். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், ரொட்டி சுட்டுக் கொடுத்து, தண்ணி கொடுத்து, படுத்துக்கோ ராசா என்றுதான் கடவுள் முதலில் சொன்னார்.

ஆகவே சகோதரிகளே, உடம்பு இளைத்துப்போய், இரத்தம் குறைந்து, தூக்கம் இல்லாமல், காலை பெரட்டுக்கு ஓடி, பின்னேரம் விறகு பொறுக்கி, இராத்திரி ஒன்பது மணிக்கு ஜெபம் பண்ண உட்கார்ந்தால் மனசு ஒட்டவில்லை என்றால், அதைப் பாவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் டிஸ்பென்சரிக்குப் போய் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேலே தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், உயிர் வேண்டாம் என்ற யோசனை வந்துகொண்டே இருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நொக்ஸுக்கு இருந்தது காய்ச்சல். அந்தக் காய்ச்சல் கொஞ்சங்கொஞ்சமாக விட்டபோதுதான் அவனால் எழுந்து மீன் பிடிக்கப் போக முடிந்தது. மீன் பிடிக்கப் போனபடியால்தான் மற்றது நடந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சில கூட்டங்களில், "உனக்குக் கஷ்டம் வந்தது விசுவாசம் இல்லாதபடியால்தான், காணிக்கை கூட்டிப் போடு, எல்லாம் மாறும்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். தீவாளி அட்வான்ஸை முழுசாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடையில் கடன் சொல்லி நின்ற குடும்பத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். எலியாவிடம் தூதன் காணிக்கை கேட்கவில்லை. அடை கொடுத்தான். இதற்குமேல் இந்த விஷயத்தில் நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

சரி, மீன் பிடிக்கிற இடத்துக்கு வருவோம்.

ஒருநாள் நொக்ஸ் ஒரு சிற்றோடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவ்வழியே போன ஒரு கிழவர், அவனோடிருந்த பையனிடம், உன் எஜமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான் பையன். என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது, கொழும்பு போர்த்துக்கேயர் கையை விட்டுப்போனபோது கிடைத்தது, வேண்டுமானால் விற்கிறேன் என்றார் கிழவர். கொழும்பு ஒல்லாந்தர் கையில் விழுந்தது 1656ஆம் ஆண்டு. எந்தக் கப்பலில் வந்த எவருடைய புத்தகமோ, எந்த வீட்டுப் பரணில் கிடந்ததோ. வாசிக்கத் தெரியாத ஒரு கிழவர், ஏதோ பெறுமதியான சாமான் என்று அத்தனை வருடம் வைத்திருந்தார்.

பெரிதாக எதிர்பார்க்காமல் போய்ப் பார்த்தான் நொக்ஸ். அது வேதாகமம். ஆங்கில வேதாகமம். விரித்தவுடன் கண்ணில் பட்டது அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம், 30ஆம் 31ஆம் வசனங்கள். கத்தோலிக்கர் திருத்தூதர் பணிகள் என்பார்கள். சிறைச்சாலைக்காரன் பவுலிடம், நான் இரட்சிக்கப்பட என்ன செய்யவேண்டும் என்று கேட்கிற இடமும், அதற்குக் கிடைக்கிற பதிலும். சிறையில் கிடக்கிற ஒருவன் கண்ணில் சிறைச்சாலைக் கதையே பட்டது.

அவனுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தது என்று எழுதுகிறான். சந்தோஷம் புத்தகத்தைக் கண்டதால். பயம், விலை கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று. அவனிடம் இருந்தது ஒரே ஒரு வராகன். அதைத் தூக்கிக் கொடுக்கத் தயாரானான். அப்போதுதான் அந்தப் பையன் குறுக்கே வந்தான். அவசரப்படாதே, பெரிதாக விரும்பாதவன்போல் இரு, கொஞ்ச விலைக்கு நான் வாங்கித் தருகிறேன் என்றான். கடைசியில் கையால் பின்னிய ஒரு தொப்பிக்கு அந்த வேதாகமம் கைமாறியது.

அந்தப் பையன் யார்? இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். நொக்ஸின் தகப்பன் தனக்கு ஏவல் செய்யப் பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பையன் அவன். பரங்கிப்பேட்டை தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கம் இருக்கிறது. தமிழ்க் கரையிலிருந்து, வெள்ளைக்காரன் வேலைக்காக, கடல் தாண்டி இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பிள்ளை. நம்முடைய பாட்டன்மார் கோப்பிக் காட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய 170 வருடம் முந்தி வந்தவன். நொக்ஸின் புத்தகத்தில் அவனைக் கறுத்தப் பையன் என்றுதான் போட்டிருக்கிறது. பேர் போடவில்லை. எஜமானே கைதியாகிவிட்டபோது அவன் சொன்னபடி கேட்கவில்லை என்று குறை மட்டும் எழுதியிருக்கிறது. அவன் ஏன் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் தகப்பனைப் புதைத்த அன்று உதவி தேடி ஓடியவன் அவன். வேதாகமத்தைத் தொப்பி விலைக்குப் பேசி முடித்தவனும் அவன். கடவுள் தன்னை மறந்துவிட்டார் என்று மரத்தடியில் அழுத ஒருவனுக்குக் கடவுளின் புத்தகம் கைக்கு வந்தது, ஒரு சிங்களக் கிழவர் மூலமும் பேர் தெரியாத ஒரு பையன் மூலமும். கிழவரும் பையனும் கிறிஸ்தவர்களா என்று யாருக்குத் தெரியும்?

தூரமாகப் போன கடவுள் திரும்பிக் கிட்ட வருகிறது என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று நாங்கள் கண்டிருக்கிறோம். பெரிய வெளிச்சம் ஒன்றும் வராது. பக்கத்துக் காம்பிராவிலிருந்து ஒரு கோப்பை கஞ்சி வரும். பிள்ளைமடுவத்து ஆயா, "நீ போயிட்டு வா, இவன நான் பாத்துக்கிறேன்" என்பார். மரணவீட்டில் தப்பு அடிக்க வந்தவர் கூலி வேண்டாம் என்று போவார். அப்போது உடனே விளங்காது. பிறகு ஒருநாள், அன்றைக்கு நாம் தனியாக இருக்கவில்லை என்று தோன்றும்.

ஜெபம் பண்ண வாய் வரவில்லை என்ற அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னோம். அவரிடம் நாங்கள் 88ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றச் சங்கீதங்கள் அழுகையில் தொடங்கினாலும் பெரும்பாலும் கடைசியில் துதியில் முடியும். 88ஆவது அப்படி முடியாது. இருட்டிலேயே முடியும். வேதத்தைத் தொகுத்தவர்கள் அதை எடுத்துப் போட்டுவிடவில்லை, கடைசியில் ஒரு நல்ல வார்த்தையையும் ஒட்டிவிடவில்லை. அந்தச் சங்கீதக்காரன் கடவுளைக் குற்றம் சாட்டுகிறான், ஆனால் கடவுளிடமே நின்று குற்றம் சாட்டுகிறான். பெரியவர் கேட்டுவிட்டு, "இது வேதத்துல இருக்கா?" என்றார். இருக்கிறது என்றோம். "அப்ப நான் பேசுனது ஜெபந்தான்" என்றார். இயேசுவும் சிலுவையில் தொங்கியபோது, கைவிடப்பட்டதைச் சொல்லி அழுகிற 22ஆம் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளைத்தான் கூப்பிட்டார். கடவுளின் மகனே அந்த இடத்தில் நின்றிருக்கிறார் என்பதுதான் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற விஷயம். அவர் நிற்காத இடத்தில் நம்மை நிற்கச் சொல்லவில்லை.

வேதாகமம் கிடைத்தவுடன் நொக்ஸுக்கு விடுதலை கிடைத்துவிட்டதா? இல்லை. பிடிபட்ட நாளிலிருந்து பத்தொன்பதரை வருடம் அவன் இந்த நாட்டில் இருந்தான். தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்து வாங்கினான். கண்டிக்குப் பக்கத்தில் எலதெத்த என்ற ஊரில் வீடு கட்டித் தோட்டம் போட்டான். தட்டுமுட்டுச் சாமான் சுமந்து ஊரூராக விற்றுக்கொண்டு வழி பார்த்து வைத்தான். ஒருதரம் இரண்டுதரம் இல்லை, பலதரம் வடக்கே போய்ப்போய்த் திரும்பினான். 1679ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி, ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டு, அனுராதபுரம் வழியாக, மல்வத்து ஓயாக் கரைக் காட்டுக்குள்ளே ஒளித்து நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்க் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். நம்ம முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பலபேர் விழுந்து, மலைக்கு வந்தார்கள். அவர் மலையிலிருந்து மன்னார்க் கரைக்கு நடந்தார். காடு ஒன்று, திசைதான் வேறு.

இத்தோடு கதையை நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். பல பிரசங்கங்களில் இதோடு நிறுத்துவார்கள். நாங்கள் நிறுத்தப் போவதில்லை, ஏனென்றால் உங்களுக்கு உண்மை தெரியவேண்டும்.

ஊருக்குப் போன நொக்ஸ் மறுபடி கப்பல் தலைவர் ஆனார். 1680களில், கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் மடகஸ்கார் தீவுக்குப் போய், செயின்ற் ஹெலினா தீவுக்கு அடிமைகளை ஏற்றிக் கொண்டுவரும் வேலையும் செய்தார். ஆம், அதே ஆள்தான். தகப்பனைக் காட்டில் புதைத்தவர், பத்தொன்பது வருடம் அடுத்தவன் நாட்டில் பிடிபட்டுக் கிடந்தவர், தன்னை விடுவிக்கச் சொல்லி இராப்பகலாகக் கடவுளைக் கூப்பிட்டவர், மற்றவர்களைப் பிடித்து விற்கிற வியாபாரத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் அது பிழையென்று அநேகர் நினைக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். விற்கப்பட்டவர்களுக்கு அது பிழையென்று தெரிந்துதான் இருந்திருக்கும்.

அப்படியானால் அவருடைய பக்தி வேஷமா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஓடைக்கரையில் அவருக்கு வந்த சந்தோஷம் உண்மையானது. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அவர் கண் பட்டது 30ஆம் 31ஆம் வசனங்களில். அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு வசனம் தள்ளி, 33ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பவுலையும் சீலாவையும் பகலில் பிரம்பால் அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டி, உள்சிறையில் போட்டிருந்தார்கள். நடுச்சாமத்தில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்தது. கைதிகள் ஓடியிருப்பார்கள் என்று சிறைச்சாலைக்காரன் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளப் போனான். எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்று பவுல் கூப்பிட்டுச் சொன்னார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது, பதிலும் வந்தது. பதிலைக் கேட்ட சிறைச்சாலைக்காரன் என்ன செய்தான்? அந்த இராத்திரியிலேயே, அந்த மணி நேரத்திலேயே, தான் பூட்டி வைத்த கைதிகளின் காயங்களைக் கழுவினான். பிறகுதான் ஞானஸ்நானம். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டான்.

எலியாவுக்கும் சாப்பாடு. இங்கேயும் சாப்பாடு. கவனித்தீர்களா?

நொக்ஸ் பல தடவை அந்த அதிகாரத்தை வாசித்திருப்பார். 33ஆம் வசனத்தையும் வாசித்திருப்பார். கடவுள் நமக்குக் கிட்ட வந்துவிட்டார் என்ற சந்தோஷம் நமக்குள்ளேயே நின்றுவிடலாம் என்பது எங்களைப் பயப்படுத்துகிறது. நாம் மனசு நொந்து கிடந்தபோது அயல் வீட்டார் கஞ்சி கொடுத்தார்கள். நமக்கு மனசு தேறினபிறகு, அதே லயத்தில் மருமகளை அடிக்கிற சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்கிறோமா, கதவைத் தட்டுகிறோமா? கங்காணியாகிவிட்ட நம்ம பையன் கொழுந்து நிறுக்கிறபோது கூடைக்கும் தண்ணிக்கும் என்று எவ்வளவு கழிக்கிறான்? வீட்டு வேலைக்குக் கொழும்புக்கு அனுப்பச் சின்னப் பிள்ளை கேட்டுத் தரகர் வந்தால், நாமே வழிகாட்டி விடுகிறோமா? ஆண்டவர் உங்களுக்குத் தூரமா கிட்டவா என்று எங்களால் அளந்து சொல்ல முடியாது. இந்தக் கேள்விகளுக்கு உங்களால் பதில் சொல்ல முடியும்.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. பின்னேரம் மூதூருக்குப் போக விரும்புகிறவர்கள் மூன்று மணிக்கு வாசலில் நில்லுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பியோ துண்டோ கட்டி விடுங்கள், வெயில் மலை வெயில் மாதிரி இல்லை.

தோட்டத்துக்குத் திரும்பிப் போனபின், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் வாசிக்க இந்த 16ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறோம். 25ஆம் வசனத்தில் தொடங்கி 34ஆம் வசனம் வரைக்கும். 31ஆம் வசனத்தோடு நிறுத்த வேண்டாம். எழுத்துத் தெரிந்த பிள்ளைகளை வைத்து வாசிக்கச் செய்யுங்கள், கண் தெரியாத ஆத்தாமாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், சத்தமாக.